தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

சம்பா அறுவடை முடிந்து நெல் பத்தாயத்துக்குள் போய்விட்டால் எங்கள் வீட்டில் முறத்துக்கு ஓய்வே இராது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம். மூட்டைகள் ஆலைக்குப் போகும். வீட்டுச் சோற்றுக்கு மட்டும் உரலில் குத்திய அரிசிதான் வேண்டும் அப்பாயிக்கு.

மூங்கில் முறம் சந்தையிலிருந்து வந்த அன்றே புழக்கத்துக்கு வராது. பழைய தாளையும் வெந்தயத்தையும் இரவே ஊறப்போட்டு, ஆட்டுக்கல்லில் மசிய அரைத்து, முன்னும் பின்னும் பூசி வெயிலில் காயவைப்பார்கள். சிம்புகளுக்கு நடுவே இருக்கிற சந்தெல்லாம் அடைபட்டால்தான் நொய் ஒழுகாது. பூசுகிற வேலை பிள்ளைகளுக்கு. எத்தனை முறை கழுவினாலும் கையில் வெந்தய வாசம் போகாது. எனக்கு அது இன்றும் பிடிக்கும்.

அப்பாயி புடைக்க உட்கார்ந்தால் நான் திண்ணையை விட்டு அசையமாட்டேன். தோள் ஆடாது, எல்லாம் மணிக்கட்டுதான். அரிசி எழும்பி இறங்குவதற்குள் முறம் ஒரு விரற்கடை பின்வாங்கும். உமி வாய்ப்பக்கம் தாண்டிப் பறக்கும், அரிசி ஒன்றுகூடச் சிந்தாது. பிறகு சாய்த்துப் பிடித்து நாவுவாள். முழு அரிசி ஒரு பக்கம், நொய் ஒரு பக்கம் என்று தானாக ஒதுங்கும். அந்தக் கைப்பக்குவத்தை எந்த ஆலையும் இதுவரை எனக்குக் காட்டியதில்லை. நொய் கஞ்சிக்கு, உமி அடுப்புக்கு, தவிடு மாட்டுக்கு. விளக்கு வைத்தபின் முறத்தைத் தொடவிடமாட்டாள்.

தவிட்டை அள்ளிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில்தான் பெரியப்பாவுக்கு ஏன் பிச்சை என்று பேர் வைத்தார்கள் எனக் கேட்டேன். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லையாம். அதனால் இவர் பிறந்ததும் முறத்தில் கிடத்தி வாசலில் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா வந்து தூக்கிக்கொண்டாள். அவளிடம் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கினாள் அப்பாயி. தவிட்டுக்கு வந்த பிள்ளையை எமன் சீந்தமாட்டான் என்று நம்பிக்கை. பிச்சை, குப்புசாமி என்று பேர் உள்ள பல வீடுகளில் இப்படி ஒரு கதை இருக்கும். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று என்னைச் சீண்டியதெல்லாம் வெறும் விளையாட்டு என்றல்லவா நினைத்திருந்தேன்!

பெரியப்பா எண்பதைத் தாண்டி வாழ்ந்தார். தலை நரைத்த பிறகும் அப்பாயி அவரை விடவில்லை.

"ஒரு படி தவிடுடா உன் வெல. நான் பேரமே பேசல."