இரவல் போன நூல்கள்

நூலை இரவல் கொடுப்பவன் ஒரு மூடன். இரவல் வாங்கிய நூலைத் திருப்பிக் கொடுப்பவன் அவனிலும் பெரிய மூடன் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நானும் அதைச் சொல்லிச் சிரித்தவன்தான். ஆனால், அந்த வேடிக்கையின் முதற்பாதி எத்துணைப் பொய்யானது என்பதை என் வாழ்க்கையே எனக்குக் கற்பித்தது.

தம்பலகாமம் நெல் விளையும் பூமி. கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்கால் வழியாக வந்து எங்கள் வயல்களில் பாய்கிறது. வயல்களின் நடுவே ஆதிகோணநாயகர் கோயில். அப்பால் தம்பலகாமக் குடா. இங்கே ஆசிரியனாகக் கடமையாற்றிய நான், என் முதற் சம்பளத்திலிருந்து மாதம் ஒரு நூலாவது வாங்குவதென்று சங்கற்பம் செய்துகொண்டேன். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவு விலைத் தமிழ் நூல்கள், தொ. மு. சி. ரகுநாதன் தமிழாக்கிய கார்க்கியின் ‘தாய்’, கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’, எங்கள் மாவட்டத்தவரான மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’, டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் தொடங்கிய ‘மல்லிகை’யின் இதழ்கள் என்று ஏறக்குறைய முந்நூறு சேர்ந்தன. அவற்றை வைக்கப் பூட்டுள்ள அலுமாரி ஒன்றும் செய்வித்தேன். இரவல் கொண்டுபோவோர் பெயரைக் குறித்துவைக்க ஒரு கொப்பியும் இருந்தது. திருப்பித் தராதவர்களின் பெயர்களைச் சிவப்பு மையினால் அடிக்கோடிட்டு, வீதியில் அவர்களைக் காணும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பது என் வழக்கம்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. உடுத்த துணியோடும் சான்றிதழ்ப் பையோடும் புறப்பட்டோம். புறப்படுமுன் அலுமாரியைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டேன். கடல் கடந்து மண்டபம் முகாமில் கழித்த நான்கு ஆண்டுகளும் அந்தத் திறப்பு என்னோடிருந்தது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, அலுமாரிக்குக் கதவில்லை. மழையும் கறையானும் தின்றது போக எஞ்சியிருந்தது ஒரு மண்புற்று மட்டுமே. கையிலே திறப்பு, திறப்பதற்கு ஒன்றுமில்லை!

சில மாதங்கள் சென்றபின், கிண்ணியாவைச் சேர்ந்த பழைய ஆசிரிய நண்பர் ஒருவர் சைக்கிளில் வந்தார். அவர் குடும்பமும் அந்த ஆண்டுகளில் அலைந்த குடும்பந்தான். பையிலிருந்து ‘தாய்’ நூலை எடுத்து நீட்டினார்.

“சேர், இத எடுத்து ஏழு வருஷமாச்சு. வட்டி மட்டும் கேக்கப்படாது!”

நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். சிவப்பு மையினால் அடிக்கோடிட்ட பெயர்களுள் அவருடையதும் ஒன்று. அவரைத் தொடர்ந்து அடுத்த தெரு மாணவன் ஒருவன் இரண்டு ‘மல்லிகை’ இதழ்கள் கொணர்ந்தான். உறவுக்காரப் பெண்ணொருத்தி அட்டையிழந்த சோவியத் சிறுகதைத் தொகுதி ஒன்றைத் தந்தாள். மொத்தம் ஏழு நூல்கள் மீண்டன. ஏழும் நான் இரவல் கொடுத்தவை! பூட்டிப் பாதுகாத்தவற்றுள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நண்பர்களே, இது என் ஒருவனின் கதையன்று. 1933இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டிலிருந்த நூல்களைப் பிறர் வாசிக்கத் திறந்துவைத்தார். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு வித்து அதுவே. அவ்வாறு வளர்ந்த நூலகத்தில் 1981 மே இறுதி, ஜூன் தொடக்க நாட்களில் சுமார் 97,000 நூல்கள் எரிக்கப்பட்டன. ஆயிரம் வீடுகளில் பிரதி உள்ள நூலைத் தீயினால் அழிக்க இயலாது. ஒரே பிரதியாய் இருந்த ஏடுகளோ மீளவில்லை. இந்த இழப்பிலிருந்து நம்மவர்கள் பாடம் கற்றார்கள் என்பதற்கு 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் சான்று. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து, யாரும் இலவசமாக வாசிக்கும்படி இணையத்தில் சேர்த்துவருகிறார்கள். அதற்கு முன்பே, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களை இவ்வாறு வழங்கிற்று. இரண்டும் ஊதியம் பெறாத தொண்டர்களின் உழைப்பால் தொடங்கியவை.

பழைய மாணவன் ஒருவன் என் கைப்பேசியில் அத்தளத்தைத் திறந்து காட்டிய நாள் நினைவிருக்கிறது. நான் இழந்த ‘மல்லிகை’ இதழ்கள் வரிசையாக நின்றன! ஓர் இதழின் முகப்பில் ஏதோ ஒரு வாசிகசாலையின் மங்கிய முத்திரை. ஓரத்தில் முகமறியா வாசகர் ஒருவர் பேனாவால் இட்ட கோடு. அவரும் எனக்காக ஓர் இதழைக் காத்து வைத்திருந்தவர் என்றே எனக்குத் தோன்றியது.

ஆயினும் தாளில் அச்சிட்ட நூலின்மேல் உள்ள பற்று விடவில்லை. என்னிடமிருந்து போன நூல்களின் பட்டியலை எழுதிப் பழைய மாணவர்களுக்குக் கைப்பேசி வழியே அனுப்பினேன். அது கையிலிருந்து கைக்குப் போய், ரொறன்ரோவில் பாரவூர்தி ஓட்டும் ஒருவரிடமிருந்து மறுமொழி வந்தது. ‘தோணி’யின் முதற்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதிலே என் கையொப்பம், 1983 என்ற ஆண்டோடு! பள்ளிச் சிறுவனாக என்னிடம் இரவல் வாங்கிய நூலை, நாடு நாடாக அலைந்த காலமெல்லாம் அவர் சுமந்திருக்கிறார்.

அவரிலிருந்து எங்கள் சிறு வாசகர் கூட்டம் பிறந்தது. மாதம் ஒரு நூல் வாசித்து, ஞாயிறு இரவில் கைப்பேசி வழியே கூடிப் பேசுகிறோம். ரொறன்ரோ நண்பருக்கு அது காலை நேரம். கிண்ணியா நண்பர், பாரிஸில் உணவகச் சமையலறையில் வேலைசெய்பவர் ஒருவர், ஹற்றனில் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் என்று எட்டுப் பேர். ‘தாய்’ நாவலைப் பேசிய இரவில் அந்த ஆசிரியை சொன்னார்: “எங்கட அம்மாவும் வாழ்நாள் முழுக்க உழைச்சவதான், சேர். கொழுந்து பறிச்ச அந்தக் கையில துண்டுப்பிரசுரம் குடுக்க ஆள் இருந்தாலும், வாசிக்க அவவுக்கு எழுத்துத் தெரியாதே.” நாற்பதாண்டு காலம் அந்த நாவலைப் படிப்பித்துப் பேசிய எனக்கு, இந்தக் கேள்வி ஒருநாளும் எழுந்ததில்லை.

இவ்வளவு கற்றும், பழைய குணம் என்னை விடவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துப் புதிய அலுமாரி வாங்கினேன், பூட்டும் போட்டேன். உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி வந்து ‘தமிழ் நாவல் இலக்கியம்’ கேட்டாள். அவளுடைய தாய் வயலிலே களை பிடுங்கும் கூலிப்பெண்.

“போனில வாசிக்கலாமே, பிள்ளை?” என்றேன்.

“அம்மாட போன் உடைஞ்ச போன், சேர். டேட்டாவும் முடிஞ்சுது.”

பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன். 2022 நெருக்கடியின்போது கடதாசியின்றி மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதையும், அதன்பின் நூல்களின் விலை ஏறியதையும் எண்ணி, என் செயலுக்கு நானே நியாயம் கற்பித்தேன். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. குளத்தில் நீர் நிறைந்திருந்தாலும், வாய்க்காலின் தலைப்பில் வயலுள்ளவன் மறித்துக்கொண்டால் கடைசி வயலுக்கு நீர் ஏறாது. இது தம்பலகாமத்து விவசாயி ஒவ்வொருவனும் அறிந்த உண்மை. இணையம் என்ற பெருங்குளத்தைப் புகழ்ந்து பேசிய நான், என் வாசலில் நின்ற கடைசி வயலுக்கு மடையை அடைத்துவிட்டேன்!

மறுநாள் அவள் வீட்டுக்கு நானே நடந்துபோய் நூலைக் கொடுத்தேன். வரும் வழியில் ஒரு கொப்பி வாங்கினேன். இம்முறை சிவப்பு மை வாங்கவில்லை. அலுமாரிப் பூட்டைக் கழற்றி வயல் காவற்குடிலுக்குக் கொடுத்துவிட்டேன். கொப்பியில் இன்று பதினொரு பெயர்கள் இருக்கின்றன. முதற்பெயர் அந்த மாணவியுடையது. நூல் இன்னும் திரும்பி வரவில்லை. அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி அதை வாசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.