எல்லா ஆட்டமும் தெரிந்த வாத்தியார்

மரக்காணத்தில் தை பிறந்தால் உப்பளங்களில் பாத்தி மிதிக்கும் வேலை தொடங்கிவிடும். மழைத் தண்ணீரை வடித்துச் சேற்றை வழித்து, தளம் இறுகும்வரை வரிசையாக நின்று மிதிப்பார்கள். எங்கள் வகுப்பிலும் சில பெஞ்சுகள் காலியாகும். சைக்கிளை உருட்டிக்கொண்டு வரப்பு வரப்பாகத் தேடிப் போவது பி.டி. சார் மட்டும்தான். “பாத்தி மிதிச்ச காலுடா இது. கபடியில உன்ன எவன் அசைப்பான்?” என்று பையன்களைக் கூட்டிவந்துவிடுவார்.

குப்பத்துப் பிள்ளைகளுக்கு வாலிபால் கொடுத்தார். மணலில் எம்பிப் பழகியவர்கள், மண் தரையில் பறந்தார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கோகோ. சாயங்காலம் மஞ்சள் கம்பளிப் பந்தை எடுத்துப் பூப்பந்து ஆட வருவார். எந்த ஆட்டத்திலும் அவருக்கு ஈடு கிடையாது. ஆனால் வீட்டில் ஒரு கோப்பைகூட இருந்ததாக நினைவில்லை.

சார் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். 1920-ல் அதைத் தொடங்கிய அமெரிக்கர் ஹாரி குரோ பக், 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவர். 1943-ல் இறந்துபோன அந்த மனிதரைப் பற்றி, நேற்றுப் பார்த்துப் பேசிவிட்டு வந்தவர்போல சார் சொல்வார்: “பக் துரை இருந்தா இந்தக் கோட்ட அழிச்சிட்டு மறுபடியும் போடச் சொல்வாரு.”

இன்னொரு கதை எம்.ஜே. கோபாலனுடையது. செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் 1909-ல் பிறந்தவர். அதனால் சாருக்கு ‘நம்ம பக்கத்து ஆளு’. 1934-ல் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர். ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கா, கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்துப் பயணமா என்று வந்தபோது இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு டெஸ்டிலும் இடம் கிடைக்கவில்லை. பெர்லினில் ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. நாங்கள் ‘அய்யோ’ என்போம். சார் சிரிப்பார். “ரெண்டு ஆட்டம் தெரிஞ்சவனுக்குத்தான்டா இந்த வருத்தமே வரும். ஒண்ணுமே தெரியாதவனுக்கு என்ன வருத்தம்?”

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. ஆறு வயதில் ஓர் ஆட்டத்தில் சேர்த்துவிட்டால் பிள்ளைக்கு அதுதான். நாலு ஆட்டத்தில் தோற்று, ஐந்தாவதில் தன்னைக் கண்டுகொள்ளும் சாவகாசம் யாருக்கும் இல்லை.

எனக்கு ஐந்தாவதும் வரவில்லை. சார் விதிப் புத்தகத்தையும் விசிலையும் கையில் கொடுத்து, “நீ நடுவர்” என்றார். நான் ‘அவுட்’ என்றால் அவரே பேசாமல் வெளியே போய் நின்றுகொள்வார். ஆடத் தெரியாத என்னையும் மைதானத்தில் வைத்திருக்க அவருக்குத் தெரிந்த வழி அது. எல்லா ஆட்டமும் தெரிந்தவருக்குத்தான் அப்படி ஒரு வழி தோன்றும்.