51 கிலோ கார்னர்

செந்துறையில் பஸ்ஸை விட்டு இறங்கி நான் போய்ச் சேர்ந்தபோது முந்திரிக் காட்டை ஒட்டிய செம்மண் திடலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம். ஆனால் கூட்டம் முழுக்க வேப்ப மரத்தடியில், எடை மெஷினைச் சுற்றி.

65 கிலோ கபடி. அதற்கு மேல் ஒரு பொட்டு ஏறினாலும் இடமில்லை. ஒருவன் சட்டையைக் கழற்றினான், பனியனைக் கழற்றினான், கடைசியில் கழுத்துத் தாயத்தையும் கழற்றிவிட்டு ஏறினான். 65.3. “ஓடிட்டு வாடா” என்று கோச் விரட்ட, வெயிலில் திடலைச் சுற்ற ஆரம்பித்தான். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். இந்தப் பட்டினி வித்தை எனக்குப் பிடிப்பதே இல்லை. பாதித் தெம்பு மெஷினடியிலேயே போய்விடுகிறது.

அடுத்து ஏறினான் ஒரு பொடியன். 51. தண்ணீர் கொடுக்க வந்த பையன் சும்மா ஏறிப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன்.

“அவன்தாண்ணே நம்ம லெஃப்ட் கார்னர்” என்றார் கோச்.

கபடியில் எடைக்கு உச்ச வரம்புதான்; பெரிய ஆண்கள் ஆட்டத்துக்கு 85 கிலோ. இத்தனை கிலோவாவது இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

ஆட்டம் தொடங்கியது. எதிரணியில் பாட வந்தவனுக்குத் தொடை ஒவ்வொன்றும் உரல் மாதிரி. நெஞ்சோடு நெஞ்சாக மறித்த இருவரை இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டான். அப்படி மோதினால் எடைதான் ஜெயிக்கும், அதில் சந்தேகமில்லை. பொடியன் மோதவே இல்லை. மூலையில் குனிந்து, பாட வந்தவனின் முகத்தைப் பார்க்காமல் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது தடவை போனஸுக்கு ஆசைப்பட்டான் அந்த வாட்டசாட்டம். போனஸ் வேண்டுமென்றால் ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டிப் பதிய வேண்டும், மறுகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். அந்த ஒரு கணம் 65 கிலோவும் ஒரே கணுக்காலில். பொடியன் விழுந்து அதைக் கட்டிக்கொண்டான். தூக்கவில்லை, தள்ளவில்லை, கால் நகரவிடாமல் வைத்திருந்தான், அவ்வளவுதான். திரும்பி ஓடப் பார்த்த உடம்பு, தன் பாரத்திலேயே சாய்ந்தது. மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள்.

“சேரலாதன் அண்ணன் நாப்பது வயசுக்கு மேலயும் கார்னர்ல நின்னாரே, உடம்பு பலத்துலயா நின்னாரு?” என்றார் கோச். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதனைச் சொல்கிறார்; 2016இல் பாட்னா பைரேட்ஸ் புரோ கபடி கோப்பையை வென்றபோது அவர்தான் கேப்டன். எனக்கோ மீராபாய் சானுதான் ஞாபகத்துக்கு வந்தார். டோக்கியோ ஒலிம்பிக் பளுதூக்குதலில் 49 கிலோ பிரிவில் நின்று 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கியவர்.

இரண்டாம் பாதியில் உரல் தொடைக்காரன் மறுபடி பாட வந்தான். நடுக்கோட்டில் ஒரு நொடி நின்று, இடது மூலையைப் பார்த்தான். பிறகு வலது பக்கமாகவே போனான்; அடுத்த முறையும் வலது பக்கம்தான். பொடியன் இடுப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தான்.