சாக்குக்குள் ஓர் உஸ்தாத்

2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவுக்குச் செல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அங்குள்ள மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் முறையைப் பார்த்து வருவதே பயணத்தின் நோக்கம். கொழும்பிலிருந்து கோலாலம்பூர் சென்று, அங்கே விமானம் மாறி, சுரபாயா நகரில் இறங்கினேன். அங்கிருந்து வயல்களையும் கரும்புத் தோட்டங்களையும் கடந்து ஜொம்பாங் போய்ச் சேர்ந்தேன்.

ஜொம்பாங் மத்ரஸாக்களுக்குப் பேர்போன பகுதி. 1899இல் ஹாஷிம் அஷ்அரி என்ற பெரியார் அங்கே தெபுஇரெங் என்னுமிடத்தில் நிறுவிய மத்ரஸா இன்றும் நடக்கிறது. அவருடைய பேரர் அப்துர்ரஹ்மான் வாஹித் 1999 முதல் 2001 வரை அந்த நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். இத்தகைய விடுதி மத்ரஸாவை அங்கே ‘பெஸந்த்ரென்’ என்கிறார்கள். மாணவனுக்கு ‘சந்த்ரி’ என்றும் தலைமை உஸ்தாதுக்கு ‘கியாயி’ என்றும் பெயர். நான் தங்கியது ஊருக்கு வெளியே இருந்த ஒரு சிறிய பெஸந்த்ரென்.

எனக்கு அந்த இடம் அந்நியமாகத் தெரியவில்லை. பிள்ளைகள் நம்மைப் போலவே சாரம் உடுத்தித் தொப்பி அணிந்திருந்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபுக்காரர்கள். நாம் ஓதிய ஃபத்ஹுல் முஈன் கிதாபைத்தான் அவர்களும் ஓதுகிறார்கள். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத் தமிழ் வளர்த்தது போல, அவர்கள் ஜாவா மொழியை அரபு எழுத்தில் எழுதிப் ‘பெகோன்’ என்கிறார்கள். கியாயி கிதாபை வாசிக்க, பிள்ளைகள் வரிகளுக்கு இடையில் பொருளைப் பொடி எழுத்தில் எழுதிக்கொள்வதைப் பார்த்து என் ஓதல் காலம் கண்முன் வந்தது. உஸ்தாத்மார்களோடு அரபியிலே பேச முடிந்ததால் மொழியும் தடையாக இருக்கவில்லை.

ஆகஸ்ட் 17 அவர்களுடைய சுதந்திர தினம். 1945இல் இந்நாளில்தான் அவர்கள் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். அன்று நாடு முழுவதும் விளையாட்டுப் போட்டிகள் நடக்கும். பெஸந்த்ரெனிலும் காலையில் கொடியேற்றி முடிந்ததும் மைதானம் களைகட்டியது. சாக்கோட்டம், கயிறிழுத்தல், கரண்டியில் கோலிக்குண்டு வைத்து ஓடுதல் என்று எல்லாம் நமக்குத் தெரிந்தவையே. நம் ஊரின் வழுக்கு மரம் அங்கும் உண்டு. உச்சியில் பரிசுகளைக் கட்டித் தொங்கவிட்டு, மரத்தில் வழுவழுப்பாக எதையாவது பூசிவிடுகிறார்கள். பெரிய பப்படம் போன்ற ‘கெருப்புக்’ என்ற பொரியலை நூலில் தொங்கவிட்டு, கையால் தொடாமல் வாயால் கடித்துத் தின்னும் போட்டிதான் எனக்குப் புதிது.

எனக்கு நிழலில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஜுப்பாவைச் சரிசெய்துகொண்டு, விருந்தாளிக்குரிய தோரணையோடு அமர்ந்தேன். அடுத்து நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. காலையில் தஃப்ஸீர் பாடம் நடத்திய உஸ்தாத், ஐம்பது வயதைத் தாண்டியவர், சாரத்தை இறுக்கிக்கொண்டு பந்தாட மைதானத்தில் இறங்கினார். உள்ளே நீண்ட காற்சட்டையும் அணிந்திருந்தார். உஸ்தாத்மார்கள் ஒரு பக்கம், மாணவர்கள் மறுபக்கம், எல்லோருக்கும் சாரம்தான். பந்து சாரத்துக்குள் மறைந்துவிட, எங்கே போனதென்று தெரியாமல் பத்துப் பேர் தேடினார்கள். உஸ்தாத் வழுக்கி விழுந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் விழுந்த இடத்திலேயே இருந்து சிரித்தார்.

எனக்கு முகம் சுருங்கியது. இனி இந்தப் பிள்ளைகள் இவருக்கு மரியாதை வைப்பார்களா என்று நினைத்தேன்.

சற்று நேரத்தில் இரண்டு சிறுவர்கள் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்துவிட்டார்கள். மறுக்க வாய் திறந்தேன். பக்கத்திலிருந்த கியாயி அரபியில், “இலங்கையில் சாக்கு இல்லையா?” என்று கேட்டார். வேறு வழியின்றி ஜுப்பாவைக் கழற்றி வைத்துவிட்டுச் சாக்குக்குள் இறங்கினேன். ஏழெட்டுத் தாவல்தான் தாவியிருப்பேன், முகங்குப்புற விழுந்தேன். தொப்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எனக்கு அடுத்த வரிசையில் தாவிக்கொண்டிருந்த சிறுவன், தன் ஓட்டத்தை விட்டுவிட்டு வந்து கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டான். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்த நாள் அது.

லுஹருக்குப் பாங்கு சொன்னதும் மைதானம் வெறிச்சோடியது. தொழுதபின் வாழை இலைகளை நீளமாக விரித்து, சோற்றைக் கொட்டி, உஸ்தாதும் பிள்ளைகளும் சுற்றியிருந்து சாப்பிட்டோம். நம் சஹன் சாப்பாடு போலத்தான். பள்ளியை விட்டு அந்த உஸ்தாத் வெளியேறியபோது, பிள்ளைகள் முந்திக்கொண்டு அவருடைய செருப்பை அவர் போடுவதற்கு வசதியாகத் திருப்பி வைத்தார்கள். குனிந்து கையை முத்தமிட்டார்கள். காலையில் அவர் விழுந்ததைப் பார்த்துச் சிரித்த அதே பிள்ளைகள்!

அன்றிரவு இஷாவுக்குப் பின், எல்லோரும் பார்க்கும்படியான திறந்த விறாந்தையில் அந்த உஸ்தாத் அமர்ந்திருந்தார். எனக்குக் கைகொடுத்த அந்தச் சிறுவன் அவரிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தான். அவன் போனபின் விசாரித்தேன். “வந்து ஒரு மாதந்தான் ஆகிறது. உம்மாவை நினைத்து இரவில் தூக்கம் வருவதில்லையாம்” என்றவர், “மைதானத்தில் என்னோடு விழுந்து எழும்பிய பிள்ளை, இரவில் வந்து மனதில் உள்ளதைச் சொல்கிறது. விளையாடாத காலத்தில் ஒருவரும் வந்ததில்லை” என்றார்.

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த ஆரம்ப வருடங்களில், எங்கள் விடுதியிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று இரவில் மதிலேறிப் போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ், பஸ் நிலையத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அடம்பிடித்த பிள்ளை என்றே நான் எண்ணியிருந்தேன். அவனுடைய தகரப் பெட்டியை எடுத்துப்போக வந்த உம்மா, தலையைக் குனிந்தபடி சொன்னார்: “புள்ளை ராவையில பாயை நனைச்சிருக்கு, ஹஸ்ரத். சுபஹுக்கு முந்தி எழும்பி, யாருக்கும் தெரியாமக் கழுவிக் கழுவிப் போட்டிருக்கு. ஹஸ்ரத்துக்கிட்ட சொல்லப் பயமாம்.”

என்னிடம் சொல்லப் பயம். அந்தப் பயத்தைத்தான் நான் மரியாதை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவன் மீண்டும் ஓத வரவேயில்லை.

நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியை நான் எத்தனையோ தடவை பயானில் சொல்லியிருக்கிறேன். முதல் தடவை அன்னையார் வென்றார்கள். காலம் சென்று அவர்களுடைய உடல் பருத்தபின் நடந்த பந்தயத்தில் நபியவர்கள் வென்று, அதற்கு இது சரி என்று கூறினார்கள். குருவி செத்துப்போன கவலையில் இருந்த சிறுவன் அபூ உமைரிடம் அதைப்பற்றிப் பேசி அவன் மனதைத் தேற்றினார்கள். சொல்லிக்கொடுத்தேனே தவிர, என் மாணவர்கள் விஷயத்தில் இவற்றை நான் செய்து பார்க்கவில்லை.

ஊர் திரும்பியபின், வாரத்தில் இரண்டு நாள் அஸருக்குப் பிறகு பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாடத் தொடங்கினேன். முதல் பந்திலேயே என் விக்கெட் போனது. விளையாட விரும்பாத பிள்ளையை வற்புறுத்துவதில்லை. புள்ளி எண்ணும் வேலையைக் கொடுத்து அருகில் வைத்துக்கொள்வேன். விளையாட்டில் ஒருவரையொருவர் கேலி செய்ய விடுவதில்லை. பிரம்பை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். இதனால் பாடத்தில் ஒழுங்கு கெட்டுவிடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் மனம் திறந்துவிட்டார்கள் என்றும் சொல்லமாட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பிள்ளை வந்தான். “ஹஸ்ரத், ஒண்டு சொல்லணும்” என்றான். அவன் சொன்னது சின்ன விஷயந்தான். ஆனால் அவன் வந்தானே!

தாய்மார்களே! பிள்ளையை விடுதியில் சேர்க்கப் போகும்போது பாடத்திட்டம் கேட்கிறீர்கள், சாப்பாடு கேட்கிறீர்கள், கட்டணம் கேட்கிறீர்கள். இன்னும் இரண்டைக் கேளுங்கள். அஸருக்குப் பிறகு இங்கே உஸ்தாத்மார்கள் எங்கே இருப்பார்கள்? என் பிள்ளைக்கு இரவில் ஒரு கவலை வந்தால் யாரிடம் போய்ச் சொல்லும்? லீவில் வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் எத்தனை ஜுஸ்உ முடிந்தது என்று கேட்பதற்கு முன்னால், யாரோடு விளையாடினாய் என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அதன் முகத்தைப் பாருங்கள்.

நம் பிள்ளைகளின் கண்ணீரை விளங்கிக்கொள்ளும் உள்ளத்தை அல்லாஹுத்தஆலா பெற்றோருக்கும் எங்களைப் போன்ற உஸ்தாத்மார்களுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.