லாங்கே குன்றுகளில் நான்கு நாட்கள்

நம் சங்கத்து இதழில் மதுவைப் பற்றிக் கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். குடிப்பழக்கம் அறியாத குடும்பத்தில் பிறந்தவன் நான். இதை எழுதும் இன்றும் அவ்வாறே இருக்கிறேன். ஆயினும் வட இத்தாலியில் டூரின் நகரத்தில் வேலை பார்க்கும் என் இளைய மகன், சென்ற ஆண்டு அக்டோபர் முதல் வாரத்தில் என்னையும் என் மனைவியையும் லாங்கே என்னும் குன்றுநாட்டுக்கு அழைத்துச் சென்றான். நான்கு நாட்கள் அங்கே தங்கினோம். கண்டதையும் கேட்டதையும், பின்னர் படித்தறிந்ததையும், பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம்மவர்க்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

டூரினுக்குத் தென்கிழக்கே, தனரோ ஆற்றங்கரையில் ஆல்பா என்னும் பழைய ஊர் இருக்கிறது. ஆற்றைத் தாண்டியதும் குன்றுகள் தொடங்கிவிடுகின்றன. மலை என்று சொல்லும்படியான உயரம் இல்லை. ஆனால் ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்தாற்போல் முடிவில்லாமல் போகின்றன. விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தபோது பள்ளத்தாக்குகள் முழுவதும் வெண்பனி நிரம்பி, குன்றின் உச்சியிலுள்ள ஊர்கள் மட்டும் கோட்டையும் மணிக்கூண்டுமாகத் தீவுகள்போல் மிதந்தன. மேற்கே ஆல்ப்ஸ் மலைத்தொடர். ‘நெப்பியா’ என்றால் அவர்கள் மொழியில் மூடுபனி. இந்நாட்டின் தலையாய திராட்சைக்கு ‘நெப்பியோலோ’ என்று பெயர் வந்தது இதனால்தான் என்கிறார்கள். பழத்தோலின்மீது சாம்பல் பூத்தாற்போல் படர்ந்திருக்கும் மாவைக் கண்டு வைத்த பெயர் என்று கூறுவோரும் உண்டு. முன்பெல்லாம் அக்டோபர் நடுவிலும் அதன் பின்னருமே இப்பழத்தைப் பறிப்பார்களாம். இப்போது கோடை கடுமையாகிவிட்டதால் அறுவடை முந்தி வருகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் நாம் காண்பதுபோல் தலைக்குமேல் பந்தலிட்டுக் கொடியைப் படரவிடும் வழக்கம் இங்கில்லை. சரிவின் குறுக்கே வரிசை வரிசையாகக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு வேலிபோல் வளர்க்கிறார்கள். எந்தச் சரிவில் எதை நடுவது என்பதில்தான் அவர்களுடைய சாத்திரமே அடங்கியிருக்கிறது. நெப்பியோலோ முந்தித் துளிர்த்துப் பிந்திப் பழுக்கும் பிடிவாதக்காரக் கொடி. தெற்கு நோக்கிய வெயிற்சரிவு அதற்கே உரியது. குளிர்காலத்தில் எங்கே பனி முதலில் உருகுகிறதோ அங்கே நடு என்பது முன்னோர் கண்ட கணக்கு. அடுத்த தரத்து இடம் பார்பெராவுக்கும் தொல்செத்தோவுக்கும். கிழக்கே போனால் இனிப்பான மொஸ்காத்தோ. வெயில் குறைந்த மேட்டு நிலத்தில் ஹேசல் கொட்டை மரங்கள். பண்டைக் காலத்தில் கடலடியில் படிந்த களியும் சுண்ணமும் கலந்த சாம்பல் நிற மண், மழை பெய்தால் செருப்பை விடாமல் பற்றிக்கொள்கிறது. என் மனைவியின் செருப்பொன்று அங்கேயே தங்கிவிட்டது.

நெப்பியோலோப் பழத்தை நான் தின்று பார்த்தேன். இனிப்பு முதலில் வந்தது. உடனே கடுக்காயைக் கடித்தாற்போல் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பே பரோலோ, பார்பரெஸ்கோ என்னும் இரண்டு புகழ்பெற்ற ஒயின்களின் உயிர் என்றார்கள். அது அடங்குவதற்குக் காலம் வேண்டும். பரோலோவை அறுவடை ஆண்டின் நவம்பர் முதல் தேதியிலிருந்து 38 மாதங்கள் வைத்திருந்தபின்பே விற்கலாம். அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதங்கள். இது சட்டம்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. மூன்றாண்டுக்கு மேல் காத்திருக்கப் பீப்பாயும் நிலவறையும் முதலும் இல்லாத சிறு குடியானவன் என்ன செய்திருப்பான்? அறுவடையன்று பழத்தை வண்டியிலேற்றி ஆல்பா நகரச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்து தரகர்முன் நிறுத்தியிருப்பான். பறித்த பழம் மறுநாளுக்குக் காத்திராது, தரகர் காத்திருக்கலாம். பொழுது சாயச் சாய விலையும் சாய்ந்தது. நம் காய்கறிச் சந்தைகளைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இதற்கு மாற்றுத் தேடியவர், ஆல்பாவின் திராட்சைக் கல்விக்கூடத் தலைவராயிருந்த தொமித்சியோ கவாட்சா. 1894-இல் பார்பரெஸ்கோவில் ஒன்பது குடியானவரைச் சேர்த்து ஒரு கூட்டுறவு நிலவறை தொடங்கினார். பாசிச ஆட்சிக் காலத்தில் அது மூடப்பட்டது. 1958-இல் அவ்வூர்ப் பாதிரியார் ஃபியொரீனோ மரேங்கோ பத்தொன்பது குடியானவரைக் கூட்டி மீண்டும் தொடங்கினார். இடமில்லை, ஆகவே முதல் மூன்றாண்டு மதுவும் மாதா கோயிலின் அடித்தளத்தில் தயாராயிற்று. இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் அதில் உறுப்பினர். அந்தக் கோயில் வாசற்படியில் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆல்பாவில் மண்ணுக்கடியில் விளையும் வெள்ளைக் காளானுக்காகச் சீமான்கள் கூடுகிறார்கள். அதன் நாற்றமே எனக்குப் போதுமாயிருந்தது.

பாதிரியார் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே லாங்கேயின் வறுமை பெயர்போனது. ஆல்பாவில் பிறந்த எழுத்தாளர் பெப்பே ஃபெனோலியோ 1954-இல் வெளியிட்ட ‘லா மலோரா’ என்னும் சிறு நாவலில், தகப்பனே தன் மகனை ஆண்டுக்கூலி பேசி, வேறொரு குடியானவனிடம் பண்ணையாளாக விட்டுவிடுகிறான். போருக்குப்பின் டூரினில் மோட்டார்த் தொழிற்சாலைகள் பெருகவே இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் குன்றிறங்கினர். நிலத்தோடு இருந்துவிட்டவனுக்குப் பெண் கொடுப்பாரில்லை. தரகர்கள் புகைவண்டியேறி இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாவுக்குப் போய்ப் பெண் தேடினர். கடல் வெயிலில் வளர்ந்த அப்பெண்கள், மாமியார் பேசும் வட்டார மொழி ஒன்றும் விளங்காமல், பனி மூடிய இக்குன்றுகளில் வந்து குடும்பம் நடத்தினார்கள். கூனெயோ நகரத்து நூத்தோ ரெவெல்லி அவர்களைப்போன்ற பெண்களின் சொற்களை ஒலிநாடாவில் பதிவுசெய்து 1985-இல் நூலாக்கினார். இன்று பரோலோவின் புகழைப் பேசுவோர் அந்த மருமகள்களைப் பேசுவதில்லை என்பது என் குறை.

ஊர் முழுதும் கலையாமல் தடுத்ததில் ஹேசல் கொட்டைக்கும் பங்குண்டு. 1946-இல் ஆல்பாவில் தொடங்கிய ஃபெரேரோ மிட்டாய்த் தொழிற்சாலை, குன்றுகளிலுள்ள ஊர்களுக்கெல்லாம் பஸ் அனுப்பித் தொழிலாளரை அழைத்துவந்து, மாலையில் திரும்பக் கொண்டுபோய் விட்டது. பகலில் ஆலையில் கூலி. மிச்ச வேளையில் சொந்தக் கொடிக்குக் கவாத்து. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு பஸ் வந்தது?

நல்லதையே சொல்லிக்கொண்டு போனால் ஒருதலையாகிவிடும். 1986-இல் இதே பியெமோந்தே மாநிலத்தில், மலிவான ஒயினுக்கு வீரியம் ஏற்றுவதற்காக வியாபாரிகள் சிலர் மெத்தில் சாராயத்தைக் கலந்தார்கள். இத்தாலியில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; பலர் கண்பார்வை இழந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களை வாங்கிய அதே நஞ்சுதான். குற்றமற்ற குடியானவர்களின் பீப்பாய்களும் வாங்குவாரின்றிக் கிடந்தன. அதன்பிறகே சோதனைகள் இறுகின. அளவைவிடத் தரத்தை நம்புவோர் கை ஓங்கியது.

இப்போது நிலைமை தலைகீழ். 2014-இல் யுனெஸ்கோ இக்குன்றுகளை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது. பரோலோவில் நல்ல சரிவு ஒன்றில் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர், பத்து லட்சம் யூரோவுக்கும் மேல் விலைபோகிறது. விற்றுவிட்டுப் போனவர்களின் பேரர்கள் அந்த விலையைக் கேட்டுவிட்டு மௌனமாகக் காரில் ஏறிப்போவதைப் பார்த்திருப்பதாக, நாங்கள் தங்கிய விடுதிக்காரர் சொன்னார்.

அப்படியானால் பழம் பறிப்பது யார்? நான்காம் நாள் மொன்ஃபோர்த்தே ஊருக்கு வெளியே நடந்துகொண்டிருந்தோம். கொடி வரிசைகளுக்கிடையே பதினைந்து பேர் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தாலிய மொழி அவர்கள் பேச்சில் கலந்திருந்தாலும் அது அவர்கள் மொழியன்று என்று எனக்கே தெரிந்தது. மாசிடோனியாவிலிருந்து வந்தவர்கள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் நிமிர்ந்து என் மகனிடம் ஏதோ கேட்டார்.

“அப்பா, நீங்கள் எந்த ஊர் என்று கேட்கிறார்.”

நாக்பூர் என்று சொல்ல வாயெடுத்தேன்; மன்னார்குடி என்று வந்தது. ஊரை விட்டு எத்தனை ஆண்டாயிற்று என்பது அவருடைய அடுத்த கேள்வி. நாற்பத்திரண்டு என்றேன். அவர் தம்மைச் சுட்டி விரல்களை மடக்கிப் பதினாறு என்று காட்டிவிட்டுச் சிரித்தார். பிறகு கத்தரியால் ஒரு குலையை நறுக்கி, இலையோடு என் மனைவியின் கையில் கொடுத்தார். அதற்குள் வரிசையின் மேற்கோடியிலிருந்து மேஸ்திரி குரல் கொடுக்கவே, கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த கொடிக்கு நகர்ந்துவிட்டார்.