தம்பிக்கு 0.6 முதல் 1.2 வரை!

லித்தியம்னா உங்களுக்கு செல்போன் பேட்டரிதானே ஞாபகம் வரும்? எனக்கு என் தம்பி. ப்ளஸ் ஒன் படிக்கிறான். தினமும் சாப்பிட்டதும் அவன் முழுங்குறது லித்தியம் மாத்திரை.

போன வருஷம் மூணு ராத்திரி தூங்காம, ஹால் சுவர் முழுக்க ஃபார்முலாவா எழுதித் தள்ளினான். அப்புறம் ரெண்டு மாசம் போர்வையை விட்டு வெளியவே வரலை. 'வயசுக் கோளாறு' என்றார் பெரியப்பா. அத்தை மந்திரிச்ச கயிறு கட்டினார். 'பைபோலார்' என்று பெயர் சொன்னது டாக்டர்தான்.

ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட், மேனியாவை லித்தியம் அடக்குதுன்னு 1949-ல் எழுதினார். அமெரிக்காவில் 1970-ல் அனுமதி கிடைச்சது. இப்போ அங்கே 7 வயசுக் குழந்தைகளுக்கே தரலாம். ஆனா, ரொம்பக் கறாரான மருந்து பாஸ்! ரத்தத்தில் லிட்டருக்கு 0.6-ல் இருந்து 1.2 மில்லி ஈக்விவேலன்ட்டுக்குள் இருக்கணும். கீழே போனா சரியா வேலை செய்யாது. 1.5-ஐத் தாண்டினா விஷமா மாற ஆரம்பிச்சிடும். நம்ம வொர்க்‌ஷாப்பில் டாலரன்ஸ், டாலரன்ஸ்னு உயிரை எடுப்பாங்களே... அதேதான், ஆனா ரத்தத்துல!

அதனால மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க. தைராய்டு, கிட்னி டெஸ்ட்டும் அப்பப்போ உண்டு. வெயில்ல கிரிக்கெட் ஆடிட்டு தண்ணி குடிக்கலைன்னா அளவு ஏறிடும். உப்பைத் திடீர்னு குறைச்சாலும் ஏறும். முட்டியில அடிபட்டா மெடிக்கல் ஷாப்பில் ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட முடியாது. நாம பெருமையா அடிக்கிற நைட் அவுட்கூட அவனுக்கு ஆபத்து. தூக்கம் கெட்டா மேனியா எட்டிப் பார்க்கும்.

போன மாசம் கேட்டான்... "நான்தான் நல்லாயிட்டேனேண்ணா, இன்னும் எதுக்கு மாத்திரை? கை நடுங்குது. டயக்ராம் கோணலா வருது. அந்த மூணு நாள் ஓடின மாதிரி மூளை இப்ப ஓடவே மாட்டேங்குது!"

திடீர்னு நிறுத்தினா திரும்ப வரும்னு எனக்குத் தெரியும். ஆனா, கோணல் டயக்ராமோட பரீட்சை எழுதப் போறவன் அவன்தானே? "இதையே டாக்டர்கிட்ட நீயே கேளு"ன்னேன்.

கேட்டான். டாக்டர் திட்டலை. பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து அளவைக் கொஞ்சம் குறைச்சார். "நிறுத்துறதா இருந்தாலும் ரெண்டு பேரும் பேசித்தான், படிப்படியாத்தான் நிறுத்துவோம். டீல்?" என்று கை நீட்டினார். தம்பி ரொம்ப நேரம் யோசிச்சுத்தான் கை கொடுத்தான்.

அடுத்த டெஸ்ட் திங்கட்கிழமை. பயபுள்ள, ஊசிக்கு இப்பவே முனக ஆரம்பிச்சுட்டான்!