ஏழு மைக்ரான்

இருபது மில்லிமீட்டர் துளை. அதற்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டிய எஃகு பின். துளையை அளந்தாயிற்று, பின்னையும் அளந்தாயிற்று. இரண்டும் டிராயிங் சொன்ன அளவில்தான் இருக்கின்றன. ஆனாலும் பின் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே சேரப்பணஞ்சேரியில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த தகரக் கூரைப் பட்டறை ஒன்றில் இதைப் பார்த்தேன். சில சிஎன்சி லேத்துகள், ஒரு கிரைண்டிங் மெஷின், ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் அளவு பார்க்கும் மேசை. வாகனத் தொழிற்சாலைகளுக்கு நேரடியாகக் கொடுப்பவர்கள் அல்ல இவர்கள். அவர்களுக்குக் கொடுப்பவர்களுக்குக் கொடுப்பவர்கள். சுற்றுவட்டாரத்தில் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொடங்கியது; 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான்; 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை. அந்தப் பெயர்ப்பலகைகளின் பின்னால் இப்படிப்பட்ட பட்டறைகள் நிறைய. பெயர்ப்பலகையே இல்லாதவையும் உண்டு.

மேசையில் இருந்தது மெல்லிய சுவருள்ள புஷ். அதன் துளைக்கு டிராயிங்கில் H7 என்று போட்டிருந்தது. 20 மி.மீ. அளவில் அதற்குப் பொருள், துளை 20.000-க்குக் குறையக் கூடாது, 20.021-ஐத் தாண்டக் கூடாது. பின்னுக்கு g6: 19.980 முதல் 19.993 வரை. ஆகச் சிறிய துளையும் ஆகப் பெரிய பின்னும் சந்தித்தால்கூட நடுவே ஏழு மைக்ரான் இடைவெளி இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஏழு மைக்ரானை நம்பித்தான் ஒரு வண்டியின் இணைப்புகள் அசைகின்றன.

அளவு பார்க்கும் பெண் டிப்ளமோ முடித்தவர், திருவண்ணாமலைப் பக்கம். அவர்தான் லாட்டை நிறுத்தியிருந்தார். வேன் வாசலில் நிற்கிறது, சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். “போர் டயல்ல எல்லாம் ஓகே காட்டுதுண்ணா. கோ கேஜ் மட்டும் போகல” என்றார் மூத்த ஃபிட்டரிடம். போர் டயல் துளையின் விட்டத்தை அளக்கும் கருவி. கோ கேஜ், சரியான துளைக்குள் போயே தீர வேண்டிய உருளை.

ஃபிட்டருக்கு அறுபது நெருங்குகிறது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருந்தவர். பிறகு கிண்டி, பிறகு அம்பத்தூர், கடைசியில் இங்கே. சென்னையின் இயந்திரத் தொழில் நகர்ந்த வழியும் இதேதான்: 1958-ல் கிண்டித் தொழிற்பேட்டை, அறுபதுகளில் அம்பத்தூர், அப்புறம் இந்த ஒரகடம் பக்கம். அவர் எதுவும் பேசாமல் புஷ்ஷைத் துணியால் துடைத்தார், பின்னையும் துடைத்தார். வேறொரு பின்னை எடுத்து முயன்றார். புஷ்ஷைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து விட்டார். ஒரு பக்கம் போய் மறுபக்கம் போகாவிட்டால் துளை டேப்பர், அதாவது ஒரு முனை குறுகியிருக்கிறது. வாயிலேயே தட்டினால் விளிம்பில் பர் என்ற பிசிறு நிற்கிறது, விளிம்பைச் சரித்து சேம்ஃபர் போடவில்லை. இங்கே இரண்டும் இல்லை.

அடுத்து புளூ என்ற நீல மையை எடுத்தார். விரல் நுனியில் தொட்டு, பின்மீது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பூசினார். போகிற வரை விட்டு, லேசாகத் திருப்பி வெளியே எடுத்தார். பிறகு புஷ்ஷின் உள்பக்கத்தை டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். நீலம் சுற்றிலும் படவில்லை. மூன்று கோடுகளாக, சம இடைவெளியில் ஒட்டியிருந்தது.

“மூணு தாடை” என்றார். அவ்வளவுதான்.

லேத்தில் வேலையைப் பிடிக்கும் சக்கின் மூன்று தாடைகள் மெல்லிய புஷ்ஷை இறுக்கிப் பிடிக்கும்போது அது கொஞ்சம் நசுங்குகிறது. நசுங்கிய நிலையிலேயே டூல் உள்ளே போய் அழகான வட்டமாகக் குடைகிறது. தாடைகள் விட்டதும் உலோகம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப, வட்டமாக இருந்த துளை மூன்று மூலைகள் மழுங்கிய வடிவமாகிறது. வேலை பிடியில் இருக்கும்வரை சரி, பிடி விட்டதும் தவறு.

அப்படியானால் போர் டயல் ஏன் பிடிக்கவில்லை? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த டயல் எதிரெதிரான இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கிறது. மும்முனை வடிவத்தில் ஒரு பக்கம் வெளியே தள்ளியிருந்தால் அதற்கு நேரெதிர்ப் பக்கம் அதே அளவு உள்ளே வந்திருக்கும். எந்தத் திசையில் வைத்தாலும் எண் ஏறக்குறைய ஒன்றுதான். பிரிட்டனில் 1969 முதல் புழங்கும் 50 பென்ஸ் நாணயம் ஏழு பக்கம் கொண்டது. அதை எப்படித் திருப்பி அளந்தாலும் அகலம் மாறாது. ஆனால் அது வட்டமல்ல. கருவி பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது.

1905-லேயே வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர் இதற்கு வழி கண்டு காப்புரிமை பெற்றார். கோ கேஜ் துளையின் முழு வடிவத்தையும் ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டும். உள்ளே போகக் கூடாத நோ கோ ஒவ்வோர் அளவையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தப் பெண் கையில் வைத்திருந்த பிளக் கேஜில் கோ பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்ததற்குக் காரணம் அதுதான். டயலின் எண்ணைவிட உள்ளே போகாத கேஜை நம்பினார் பாருங்கள், அதுதான் தொழில் தெரிந்த செயல்.

டீ வந்தது. ஃபிட்டர் திருச்சி நாட்களைச் சொன்னார். துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்கும் கோ, நோ கோ உண்டு. ஒன்றை உள்ளே வைத்துப் போல்ட்டை மூடினால் மூட வேண்டும். மற்றதை வைத்தால் மூடக் கூடாது. “மூடலைன்னா அமுக்காதே. ஏன் மூடலைன்னு பாரு. அங்க முதல்ல சொல்லிக் கொடுத்ததே அதுதான் சார்” என்றார்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சேகரித்து, மறுபடி நிரப்பிப் பயன்படுத்தும் குறிவீரர்கள் பலர். நம் நாட்டில் தோட்டா செய்வது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. உரிமமின்றிச் செய்ய முடியாது. அங்கே அப்படி மறுபடி நிரப்பிய தோட்டா அறைக்குள் உட்கார மறுத்தால் அந்தக் குறிவீரர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். கூட்டின்மீது மார்க்கர் மையைப் பூசி உள்ளே விட்டு எடுத்து, மை எங்கே உரசிப் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் தோள்பட்டையில் உரசினால் அங்கே புடைத்திருக்கிறது. குண்டின்மீது உரசினால் அது வெளியே அதிகம் நீண்டிருக்கிறது. சுடும்போது விரிந்த பித்தளை தன் அளவுக்குத் திரும்பாததே பெரும்பாலும் காரணம். பிடி விட்டதும் வடிவம் மாறிய நம் புஷ்ஷுக்கு இது தூரத்துச் சொந்தம்.

துப்பாக்கிக்கும் அளவுக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டுனா துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன், ஜெர்மனியில் மவுசர் துப்பாக்கி செய்யும் இடத்தைப் பார்த்துவிட்டு 1896-ல் ரயிலில் திரும்பும்போது யோசித்ததுதான் ஸ்லிப் கேஜ். ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் சிறு எஃகுக் கட்டிகள். அவற்றைச் சேர்த்து எந்த அளவையும் உருவாக்கலாம். மனைவியின் தையல் மெஷினை மாற்றியமைத்து முதல் கட்டிகளைத் தேய்த்தாராம். 1923-ல் அவர் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியில் சேர்ந்தார். அதே ஃபோர்டின் தொழிற்சாலை இங்கிருந்து சிறிது தூரத்தில் மறைமலை நகரில் கார் செய்துகொண்டிருந்தது, 2022 வரை. பட்டறையின் அளவு மேசையில் மரப்பெட்டிக்குள் அந்தக் கட்டிகளின் வாரிசுகள் எண்ணெய் பூசிக் கிடந்தன.

வெயிலும் இங்கே ஒரு தொழிலாளி. உலகம் முழுவதும் அளவு பார்ப்பதற்கான வெப்பநிலை 20 டிகிரி என்று 1931-லேயே முடிவாகிவிட்டது. மே மாதம் இந்தத் தகரக் கூரையின் கீழ் 20 டிகிரிக்கு எங்கே போவது? கண்ணாடித் தடுப்புக்குள் ஏசி ஓடுகிறது, வெளியே ஃபேன். மெஷினிலிருந்து 20 டிகிரி கூடுதல் சூட்டோடு வந்த அலுமினியத் துண்டை உடனே அளந்தால் 20 மி.மீ. துளை ஒன்பது மைக்ரான் பெரிதாகக் காட்டும். ஆறியதும் சுருங்கிவிடும். ஏழு மைக்ரானுக்காக உழைக்கும் இடத்தில் ஒன்பது மைக்ரான் சூட்டில் போகிறது. பின்னுக்குத் துத்தநாக முலாம் போடும்போதும் இப்படித்தான். எட்டு மைக்ரான் பூச்சு, இரு பக்கமும் சேர்த்துப் பதினாறு. முலாமுக்குப் போகும்போது சரியாக இருந்த பின் திரும்பி வரும்போது உள்ளே போகாது.

இதெல்லாம் தெரிந்தவர்களுக்கு இந்தத் தொழிற்பட்டையில் என்ன மரியாதை இருக்கிறது என்று எனக்குக் கோபம் உண்டு. லாட்டை நிறுத்தியதால் அந்தப் பெண்ணுக்கு அன்று கிடைத்தது கெட்ட பெயர்தான். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. அனுப்பியிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே அசெம்பிளியில் யாராவது மேலட்டால் தட்டி உள்ளே ஏற்றியிருப்பார்கள். தட்டி ஏற்றிய பின் அசையாது, அல்லது அசைந்து அசைந்து சீக்கிரம் தேயும். அது எந்தச் சாலையில், யார் வண்டியில் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. “நிறுத்து” என்று சொல்கிறவருக்குக் கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டும். குறைந்தபட்சம் அவர் வேலையாவது நிரந்தரமாக இருக்க வேண்டும். மெஷின் வாங்கக் கடன் கொடுக்க வங்கி இருக்கிறது. இந்தக் கண்ணுக்கும் விரலுக்கும் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை.

வேனைத் திருப்பி அனுப்பினார்கள். ஃபிட்டர் சக்கிலிருந்து கடினத் தாடைகளைக் கழற்றி, சாஃப்ட் ஜா மாட்டி, புஷ்ஷின் வெளி அளவுக்கே அவற்றைக் குடைந்தார். இப்போது பிடி மூன்று இடத்தில் குத்தாமல் சுற்றிலும் அணைக்கும். சக் பிரஷரையும் இறக்கினார். முதல் புஷ் வந்தது. சூடு ஆறும்வரை தொடவிடவில்லை. பிறகு அந்தப் பெண் கேஜின் கோ பக்கத்தைத் துளையின் வாயில் வைத்துக் கையை எடுத்தார். தன் எடையிலேயே இறங்கியது. நோ கோ நின்றது.

பழைய லாட்டில் இன்னும் உலோகம் மிச்சமிருந்தவற்றை, துளையைத் தேய்த்துச் சரிசெய்யும் ஹோனிங்குக்குத் தனியே எடுத்து வைத்தார்கள். அளவின் மேல் எல்லையை ஏற்கெனவே தொட்டுவிட்டவை சிவப்புப் பெட்டிக்குப் போயின. மெஷினில் தொங்கும் செட்டப் தாளில் பிரஷருக்கு இதுவரை கட்டமே இல்லை. ஃபிட்டர் பேனாவால் கோடு போட்டு ஒன்றை உண்டாக்கி எண்ணை எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி தாளை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.